விண்ணப்பத் தாளும் தோட்டத்துப் பிள்ளையும்: கடல்கடந்த ஆங்கிலவழிப் பட்டக் கல்வியின் வரலாறு

சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் நோக்கிச் செல்லும் திசையில் செண்டாயான் இருக்கிறது. ரப்பரும் செம்பனையும் நிரை பிடித்து நின்ற நிலம் அது. இன்று அங்கே பண்டார் ஸ்ரீ செண்டாயான் என்னும் புதுநகரம் எழுந்துள்ளது, தொழிற்பேட்டை இருக்கிறது, சுங்கை பீசியிலிருந்து மாற்றப்பட்ட ஆகாயப்படைத் தளம் இருக்கிறது. 2014 இல் அந்நகரில் அனைத்துலகப் பள்ளி ஒன்றும் திறக்கப்பட்டது. அங்குப் பயிலும் மாணவர் ஆங்கிலவழியில் கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தைக் கற்று, அத்தேர்வை எழுதி, இங்கிலாந்துக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ விண்ணப்பிக்கும் தகுதியைப் பெறுகின்றனர்.

கேம்பிரிட்ஜ் என்னும் பெயர் இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. நூறாண்டுகளுக்கு முன்பே சிரம்பான் பள்ளிகளில் அது நன்கு அறியப்பட்ட சொல். ஆயினும், செண்டாயானிலும் அதைச் சூழ்ந்த லாபு, ரந்தாவ், லிங்கி வட்டாரத் தோட்டங்களிலும் பால்வெட்டியவர்களின் பிள்ளைகளுக்கு அச்சொல் பல தலைமுறைகளாக எட்டாமலே இருந்தது. இதற்கு நம்மவரிடையே ஒரு விளக்கம் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. தோட்டத்துப் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளிக்குப் போனார்கள், ஆகவே ஆங்கிலம் வாய்க்கவில்லை, ஆகவே வெளிநாட்டுப் பட்டமும் வாய்க்கவில்லை என்பது அது. கேட்பதற்கு இவ்விளக்கம் பொருத்தமாகவே தோன்றுகிறது. ஆனால் ஆண்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் அது நிற்பதில்லை. அவ்வாறு அடுக்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

தோட்டப்பள்ளியிலிருந்து தொடங்குவோம். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்னும் கடப்பாட்டை 1912 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஏழு வயது முதல் பதினான்கு வயது வரை உள்ளவர்களே பள்ளி வயதுப் பிள்ளைகள் எனப்பட்டனர். இதைக் கல்வியின்மீது கொண்ட பற்று என்று கொள்ள முடியாது. தமிழகத்திலிருந்து குடும்பத்தோடு ஆள்களை வரவழைக்கவும், வந்தவர்களைத் தோட்டத்திலேயே இருத்தவும் பள்ளி பயன்பட்டது. கிராணியோ எழுத்தறிந்த கங்காணியோ பல இடங்களில் ஆசிரியராக இருந்தார். பாடநூல்கள் சென்னையிலிருந்து வந்தன. சில வகுப்புகளோடு படிப்பு முடிந்தது. அதற்குமேல் ஏறிச் செல்ல அடுத்த படி எதுவும் கட்டப்படவில்லை. தோட்டப்பள்ளியின் கடைசி வகுப்புக்கும் ஆங்கிலப் பள்ளியின் முதல் வகுப்புக்கும் இடையே எந்தப் பாலமும் இல்லை என்பதே அக்காலக் கல்வியமைப்பின் முதன்மையான செய்தி. பள்ளியில் தமிழ் இருந்தது குறையன்று. அந்தப் பள்ளிக்குப் பின்னால் வேறு பள்ளி இல்லாததே குறை.

மறுபக்கம் சிரம்பான் நகரைப் பார்ப்போம். புனித பால் பள்ளி 1899 இலும், கான்வென்ட் பெண்கள் பள்ளி 1904 இலும் தோன்றின. 1920களில் அரசாங்க ஆங்கிலப் பள்ளியும் வந்தது; ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரைத் தாங்கிய அப்பள்ளியை இன்றும் சிரம்பான் மக்கள் கே.ஜி.வி. என்றே அழைக்கின்றனர். செண்டாயானிலிருந்து இப்பள்ளிகள் ஏறத்தாழ பத்துக் கல் தொலைவு. மாட்டுவண்டியும் மண்சாலையும் இருந்த காலத்திலும் அது கடக்க முடியாத தூரமன்று. கட்டணம், சீருடை, நகரில் தங்குவதற்கு ஓர் உறவினர் வீடு ஆகியவையே உண்மையான தொலைவு. மேலும், ஆங்கிலப் பள்ளியில் தொடக்க வகுப்பிலேயே சேர வேண்டும். தமிழ்ப்பள்ளியில் நான்காண்டு படித்துவிட்டு வருபவனுக்கு அங்கு இடமில்லை.

அங்கே பயின்ற தமிழர் யார்? நகர வணிகரின் பிள்ளைகள், செட்டியார் குடும்பத்துப் பிள்ளைகள், இரயில்வேயிலும் பொதுப்பணித் துறையிலும் கருவூலத்திலும் எழுத்தராக இருந்த யாழ்ப்பாணத்தவரின் பிள்ளைகள். யாழ்ப்பாணத்தவர் மலாயாவுக்கு வரும்போதே அமெரிக்க மிஷன் பள்ளிகளின் ஆங்கிலத்தோடு வந்தவர்கள். அவர்களின் அடுத்த தலைமுறை மருத்துவத்துக்கும் சட்டத்துக்கும் கடல் கடந்தது. தோட்டத்திலேயே இருந்தும் இப்பாதையில் சேர்ந்தவர்கள் கிராணிமாரின் பிள்ளைகள் மட்டுமே. ஒரே தோட்டத்தில், ஒரே மொழி பேசிய இரு வீடுகளில், லயத்து வீட்டுக்கும் கிராணி வீட்டுக்கும் இடையே இருந்த சில நூறு அடி தூரம் சிரம்பானுக்கும் இலண்டனுக்கும் இடையிலான தூரத்தைவிடப் பெரிதாயிருந்தது. நம் வரலாற்று நூல்கள் காலனிய அரசைக் கண்டிக்கும் அளவுக்கு இதைப் பேசுவதில்லை.

கேம்பிரிட்ஜ் தேர்வு 1891 இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கு வந்தது. அதற்கு முன்பே, 1885 இல், அரசியார் உபகாரச் சம்பளம் என்னும் திட்டம் ஏற்படுத்தப்பட்டிருந்தது. தேர்வில் முதன்மை பெறும் ஓரிருவரைப் பிரித்தானியப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் திட்டம் அது. லிம் பூன் கெங்கும் வூ லியென் தேயும் அவ்வாறு சென்று மருத்துவராகித் திரும்பியோர். நீரிணைக் குடியேற்றங்களில் பிறந்த பிரித்தானியக் குடிகளை மனத்தில் வைத்தே அத்திட்டம் வகுக்கப்பட்டது. நெகிரி செம்பிலானோ கூட்டு மலாய் மாநிலங்களுள் ஒன்று; யாங் டி-பெர்துவான் பெசார் பெயராலும் உண்டாங்குகள் பெயராலும் பிரித்தானியர் ஆண்ட பாதுகாப்பு நாடு. விண்ணப்பத் தாளில் பிறந்த இடம், குடியுரிமை என்னும் இரு கட்டங்கள் எவ்வளவு கனமானவை என்பது இப்படித்தான் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. இவ்விரு கட்டங்களையும் நாம் மீண்டும் சந்திப்போம்.

இங்கிலாந்து எட்டாதவர்களுக்கு இந்தியா இருந்தது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929 இல் சிதம்பரத்தில் நிறுவிய பல்கலைக்கழகம் மலாயாத் தமிழருக்கு மிக நெருங்கிய ஆங்கிலவழிப் பல்கலைக்கழகமாயிற்று. செட்டிநாட்டுச் செல்வத்தில் பர்மாவும் மலாயாவும் கொடுத்த பங்கை நினைத்தால், அங்கு மலாயா மாணவர் பயின்றதில் ஒரு பொருத்தம் இருக்கவே செய்கிறது. பினாங்கில் ரஜுலா கப்பல் ஏறி நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ இறங்குவர். (அக்கப்பலுக்குப் பின் 1973 முதல் அதே வழியில் ஓடிய கப்பலின் பெயரே ‘சிதம்பரம்’.) சுங்கை சிப்புட்டில் பிறந்து, கோலகங்சார் கிளிஃபர்டு பள்ளியில் பயின்று, அண்ணாமலையில் பட்டம் பெற்ற வீ. தி. சம்பந்தன் இப்பாதையின் பெயர்பெற்ற சான்று. ஆனால் அவருடைய தந்தையார் ரப்பர்த் தோட்டங்களுக்கு உரிமையாளர். தோட்டத்திலிருந்து சிதம்பரம் சென்றவர்கள் தோட்டத்தை உடையவர்களின் மக்களே. தோட்டத்தில் உழைத்தவர்களின் மக்கள் அல்லர்.

இந்தியப் பட்டத்துக்கு இன்னொரு இடரும் இருந்தது. 1930 இல் பிரித்தானியப் பொது மருத்துவ மன்றம் இந்திய மருத்துவப் பட்டங்களுக்கு அளித்திருந்த ஏற்பை நிறுத்தியது. ஆங்கிலத்தில் கற்பித்து, ஆங்கிலத்தில் தேர்வு நடத்தி, ஆங்கிலத்தில் சான்றிதழ் அச்சடித்தும், அந்தப் பட்டம் வேறொரு நாட்டில் செல்லுமா என்பதை வேறெங்கோ அமர்ந்திருக்கும் மன்றம் முடிவு செய்தது. கற்பிக்கும் மொழி ஒன்று, பட்டத்தின் ஏற்பு மற்றொன்று என்னும் பாடத்தை நம் சமூகம் எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் மறுபடியும் கற்க வேண்டியிருந்தது.

போருக்குப் பின் உள்நாட்டிலேயே ஓர் ஆங்கிலவழிப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. ராஃபிள்ஸ் கல்லூரியையும் மருத்துவக் கல்லூரியையும் இணைத்து 1949 அக்டோபரில் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் தோன்றியது. அப்பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டி, தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதியைத் திரட்டினார். தோட்டத் தொழிலாளரும் துறைமுகத் தொழிலாளரும் தம் கூலியிலிருந்து கொடுத்தனர். 1956 இல் இந்திய இயல் துறை தொடங்கியது. பின்னர் அது கோலாலம்பூருக்கு மாறியது. 1961 முதல் தனிநாயகம் அடிகளார் அதற்குத் தலைமை ஏற்றார். 1966 இல் முதல் உலகத் தமிழ் மாநாடு அங்கேயே கூடியது. நாம் பெருமையோடு சொல்லும் வரலாறு இது, சொல்லவும் வேண்டும். ஆனால் இதே வரலாற்றை ஒரு பால்வெட்டுத் தொழிலாளியின் வீட்டிலிருந்து நோக்கினால் வேறொன்றும் தெரிகிறது. அவர் கொடுத்த வெள்ளியால் தமிழ் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தது. அவர் பிள்ளை நுழைய வேண்டுமானால் ஆங்கிலவழி இடைநிலைப் பள்ளியைக் கடந்து வர வேண்டும். அதற்கு அப்போதுதான் ஒரு வழி திறக்கத் தொடங்கியிருந்தது.

அவ்வழியைத் திறந்தது 1956 ஆம் ஆண்டு ரசாக் அறிக்கை. 1951 இல் வந்த பார்ன்ஸ் அறிக்கை தாய்மொழிப் பள்ளிகளே வேண்டாம் என்னும் கருத்தை முன்வைத்தது. ரசாக் அறிக்கை தமிழ்த் தொடக்கப்பள்ளிகளைத் தேசியக் கல்வியமைப்புக்குள் ஏற்றது. தமிழ்ப்பள்ளி மாணவன் புகுமுக வகுப்பில் ஓராண்டு மொழிப்பயிற்சி பெற்று இடைநிலைப் பள்ளியின் முதற்படிவத்தில் சேரலாம் என்னும் ஏற்பாடும் நிலைபெற்றது. 1965 முதல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் வடிகட்டும் முறையும் நீங்கி, எல்லாப் பிள்ளைகளும் மூன்றாம் படிவம் வரை செல்ல முடிந்தது. தோட்டப்பள்ளிக்குப் பின்னால் வேறு பள்ளி இல்லை என்று முன்பு கூறினோமே, அந்தப் பள்ளி இப்போது வந்தது. அன்றைய இடைநிலைப் பள்ளிகளுள் பெரும்பாலானவை ஆங்கிலவழிப் பள்ளிகள். வேறு சொற்களில் கூறினால், தமிழ்ப்பள்ளியில் தொடங்கிய ஒரு தோட்டத்துப் பிள்ளை, கேம்பிரிட்ஜ் சான்றிதழ் வரை செல்லும் தொடர்ச்சியான படிகள் நம் வரலாற்றில் முதன்முறையாக 1950களின் கடைசியில்தான் அமைந்தன.

அதே ஆண்டுகளில் அந்தப் பிள்ளையின் காலடி நிலமும் நழுவத் தொடங்கியது. விடுதலைக்குப் பின் ஆங்கிலேய நிறுவனங்கள் சில தம் தோட்டங்களை விற்றன. வாங்கியோர் அவற்றைத் துண்டாடினர். தொழிலாளர் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தனர். இதைத் தடுக்கவே சம்பந்தன் 1960 இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரிடமே பங்குத்தொகை திரட்டித் தோட்டங்களை வாங்கினார். கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம். தோட்டம் துண்டாடப்பட்ட இடங்களில் பள்ளியும் சேர்ந்து மறைந்தது. 1957 இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 520ஐச் சற்றே தாண்டி நிற்பதன் தொடக்கம் இதுவே.

குடியுரிமைக் கட்டம் இரண்டாம் முறை குறுக்கிட்டதும் இப்போதுதான். பிறப்புப் பத்திரம் இல்லாமலும், குடியுரிமைக்கு உரிய காலத்தில் மனுச் செய்யாமலும் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றுவிட்ட தோட்டக் குடும்பங்கள் பல. 1969க்குப் பின் குடியுரிமை அற்றோருக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது ஏறத்தாழ 60,000 இந்தியர் நாட்டைவிட்டுத் திரும்பினர். சிவப்பு அட்டைக்காரரின் பிள்ளை எவ்வளவு நன்றாகப் படித்தாலும் உபகாரச் சம்பளத்துக்கு மனுச் செய்ய இயலாது. கடப்பிதழும் எளிதில் கிடைக்காது.

இனி, திறந்த வழி எவ்வாறு மூடியது என்பதைக் காண்போம். 1970 சனவரியில் ஆங்கிலப் பள்ளிகளின் முதலாம் ஆண்டு மலாய்மொழிக்கு மாறியது. மாற்றம் ஆண்டுதோறும் ஒரு வகுப்பாக ஏறிச் சென்றது: முதற்படிவத்துக்கு 1976 இல், ஐந்தாம் படிவத்துக்கு 1980 இல், பல்கலைக்கழகத்துக்கு 1983 இல். ஒரு விடுதலை நாடு தன் தேசியமொழியைக் கல்விமொழியாக்கியதைக் குறை கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. தாய்மொழிக் கல்வியை வேண்டும் நாம் அதைக் குறை கூறவும் கூடாது. காலக்கணக்கை மட்டும் நோக்குக. தமிழ்ப்பள்ளியிலிருந்து ஆங்கிலவழி இடைநிலைப் பள்ளிக்குச் செல்லும் பாலம் 1950களின் இறுதியில் வந்தது. 1970களின் நடுவில் அது வேறு திசைக்குத் திருப்பப்பட்டது. இருபதாண்டுக்கும் குறைவான காலம். ஒரே தலைமுறைக்குத்தான் அவ்வாய்ப்புக் கிடைத்தது. அத்தலைமுறை பல்கலைக்கழக வயதை அடைந்த வேளையில், 1971க்குப் பின், உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இன விகிதாசார முறையும் வலுப்பெற்றது. உள்ளே இடம் குறைந்தபோது வெளியே நோக்கினார்கள். பூமிபுத்ரா அல்லாத மாணவர் பெருந்தொகையாக இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இந்தியாவுக்கும் சென்றது 1970களில்தான். பிரித்தானியாவில் பயின்ற வெளிநாட்டு மாணவருள் மலேசியரே முதலிடத்தில் இருந்தனர்.

அங்கும் கதவு மூடியது. வெளிநாட்டு மாணவரிடம் கூடுதல் கட்டணம் பெறும் வழக்கத்தை இங்கிலாந்து 1967 இல் தொடங்கியிருந்தது: உள்நாட்டவருக்கு 70 பவுண்டு, வெளிநாட்டவருக்கு 250 பவுண்டு. மார்கரெட் தாட்சரின் அரசு, 1980 இன் கல்வியாண்டு முதல் வெளிநாட்டு மாணவர் கல்விச் செலவு முழுவதையும் தாமே ஏற்க வேண்டும் என்றது. கலைப்பாடங்களுக்குக் குறைந்தது 2,000 பவுண்டு, அறிவியலுக்கு 3,000, மருத்துவத்தின் மேல்வகுப்புகளுக்கு 5,000. அன்று ஒரு பவுண்டு ஏறத்தாழ ஐந்து ரிங்கிட். அறிவியல் படிக்கும் மாணவனின் ஓராண்டுக் கட்டணம் மட்டும் 15,000 ரிங்கிட். தங்கலும் உணவும் பயணமும் தனி. தோட்டத் தொழிலாளியோ அன்றும் நாட்கூலிக்காரர். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. பால்வெட்டு இல்லையேல் கூலி இல்லை. மாதச் சம்பளம் என்னும் கோரிக்கை அவர்களுக்கு நிறைவேறியது இருபதாண்டு கழித்துப் புத்தாயிரத்தின் தொடக்கத்தில்தான்.

இக்கட்டத்தில் தோட்டத்தின் கதையும் பல்கலைக்கழகத்தின் கதையும் வியப்பூட்டும் வகையில் ஒன்றோடொன்று பிணைகின்றன. 1981 செப்டம்பர் 7 அன்று காலை, மலேசியாவின் தேசிய முதலீட்டு நிறுவனமான பி.என்.பி., இலண்டன் பங்குச் சந்தையில் கத்ரி நிறுவனத்தின் பங்குகளை வாங்கி, சில மணி நேரத்தில் அதன் கட்டுப்பாட்டைக் கைப்பற்றியது. நெகிரி செம்பிலானின் பெருந்தோட்ட வரலாற்றை கத்ரியின் பெயரின்றி எழுத இயலாது. அந்நிறுவனம் ஒரு காலைப்பொழுதில் மலேசியர் உடைமையாயிற்று. இலண்டன் பங்குச் சந்தை அதன்பின் தன் விதிகளை இறுக்கியது. கல்விக் கட்டண உயர்வால் ஏற்கெனவே மனம் புண்பட்டிருந்த மலேசிய அரசு, பிரதமர் மகாதீரின் தலைமையில், பிரித்தானியப் பொருளை வேறு வழியில்லாதபோது மட்டுமே வாங்குவது என்னும் கொள்கையை அவ்வாண்டே அறிவித்தது. 1983 இல் இக்கொள்கை தளர்ந்தது. அதே ஆண்டில் பிரித்தானிய வெளியுறவு அமைச்சர் பிரான்சிஸ் பிம் வெளிநாட்டு மாணவருக்கென மூன்றாண்டுகளுக்கு 46 மில்லியன் பவுண்டு உதவித் திட்டத்தை அறிவித்தார்.

தோட்டத்தின் உடைமை இலண்டனிலிருந்து கோலாலம்பூருக்கு வந்தது. கல்விக் கட்டணத்துக்காக இரு அரசுகள் முகம் திருப்பிக்கொண்டு, பிறகு சமாதானமும் ஆயின. இவ்விரண்டிலும் அந்தத் தோட்டத்தில் உழைத்தவரின் பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்று வினவும் உரிமை நமக்கு உண்டு. தோட்டத்தின் உடைமை மாறியதால் லயத்து வீட்டுப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் நெருங்கி வரவில்லை. அத்திசையில் முயன்றவை வேறு அமைப்புகள். 1982 இல், மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளர் டாக்டர் எம். தம்பிராஜா ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கி, மாலையிலும் வார இறுதியிலும் தேர்வுக்கு வழிகாட்டும் வகுப்புகளை நாடெங்கும் நடத்தினார். 1984 இல் ம.இ.கா.வின் கல்வி அறவாரியமான எம்.ஐ.இ.டி. நிறுவப்பட்டது; சிரம்பானிலுள்ள டேஃப் கல்லூரி அதன் பணிகளுள் ஒன்று. கல்விக் கடன் பெற்றுப் பட்டம் முடித்தவர்களுள் தம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள் பலர்.

தனியார் கல்லூரிகள் இதற்கிடையே ஒரு புது வழியைக் கண்டன. இரண்டாண்டு உள்நாட்டில், ஓராண்டு வெளிநாட்டில் என்னும் இணைப் படிப்பு 1980களில் பரவியது. 1996 ஆம் ஆண்டுத் தனியார் உயர்கல்விச் சட்டம் இவற்றுக்கு முறையான இடமளித்து, அமைச்சரின் இசைவோடு ஆங்கிலத்தில் கற்பிக்கவும் வழிவிட்டது. மறு ஆண்டே பொருளாதார நெருக்கடி. ஒரு டாலருக்கு இரண்டரை ரிங்கிட்டாக இருந்த மதிப்பு 1998 செப்டம்பரில் 3.80 இல் நிறுத்தப்படும் முன் அதையும் கடந்து சரிந்திருந்தது. வெளிநாட்டில் மகனையோ மகளையோ படிக்க வைத்தவர்கள் பாதியில் திரும்ப அழைத்தனர். அந்த இழப்பிலிருந்து பிறந்ததே ‘மூன்றாண்டும் இங்கேயே’ என்னும் படிப்பு: பட்டம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குரியது, வகுப்பறை உள்நாட்டில். மோனாஷ் 1998 இலும் நாட்டிங்காம் 2000 இலும் இங்கேயே கிளை திறந்தன. செண்டாயானுக்கு அப்பால் நீலாயில், செம்பனைக்கு நடுவே, கல்லூரி நகரமொன்று எழுந்தது. கடல் கடக்காமலே கடல்கடந்த பட்டம் பெறலாம் என்றாயிற்று. 1997 இல் தோன்றிய பி.டி.பி.டி.என். கல்விக் கடனும் உள்நாட்டுப் படிப்புக்கே உரியது. ஏழைப் பிள்ளைக்குக் கடன் கிடைக்கும். கடல் தாண்டினால் கிடைக்காது.

ஆயினும் மருத்துவம் என்னும் கனவு கடல் தாண்டவே செய்தது. மணிப்பாலுக்குச் செல்ல வசதியில்லாதவர்கள் உக்ரேனுக்கும் உருசியாவுக்கும் சென்றனர். அங்குள்ள பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவர்க்கென ஆங்கிலவழி மருத்துவப் படிப்பைத் தொடங்கியிருந்தன. இங்கிலாந்தின் கட்டணத்தோடு ஒப்பிட அவை மிக மலிவு. சிம்ஃபெரோபோலில் உள்ள கிரீமிய அரசு மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பயின்ற மலேசியருள் இந்திய மாணவர் மிகுதி. 2005 இல் அப்பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்கு மலேசியா அளித்திருந்த ஏற்பு விலக்கிக்கொள்ளப்பட்டது. வீட்டை அடகு வைத்தும் சேமநிதியை எடுத்தும் பிள்ளையை அனுப்பிய பெற்றோர் அடைந்த கலக்கம் அந்நாளைய தமிழ் நாளேடுகளில் பதிவாகியுள்ளது. 1930 இல் இந்திய மருத்துவப் பட்டங்களுக்கு நேர்ந்ததே இங்கும் நேர்ந்தது. ஆங்கிலவழி என்னும் சொல், பட்டத்துக்குப் பிணையாகி நிற்கவில்லை. ஏற்புப் பட்டியலில் அப்பல்கலைக்கழகத்தின் பெயர் அன்று இருக்கிறதா, நாளையும் இருக்குமா என்று வினவுவதற்குத் தோட்டத்துப் பெற்றோருக்கு முகவரைத் தவிர வேறு ஆளில்லை.

இனித் தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட கூற்றுக்குத் திரும்புவோம். தமிழ்ப்பள்ளியே தடை என்றால், தமிழ்ப்பள்ளியிலிருந்து ஆங்கில இடைநிலைப் பள்ளிக்குப் பாலம் இருந்த அந்த இருபதாண்டில் தோட்டத்துப் பிள்ளைகள் மேலேறியதை எவ்வாறு விளக்குவது? மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் விரிவுரையாளராகவும் பின்னாளில் விளங்கிய தோட்டத்துப் பிள்ளைகளுள் பலர் அத்தலைமுறையினரே. அவர்களின் ஆறாண்டுத் தமிழ் அப்போது எதற்கும் தடையாகவில்லை. 2003 இல் கணிதத்தையும் அறிவியலையும் தமிழ்ப்பள்ளியிலும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் வந்தபோது, முதலாம் ஆண்டிலேயே ஆங்கிலம் புகுந்தால் வெளிநாட்டுக் கதவு திறக்கும் என்று நம்மவரே சிலர் வாதிட்டனர். 2009 இல் அத்திட்டம் கைவிடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. முதலாம் ஆண்டு வகுப்பறையில் தேடியதால் விடை கிடைக்கவில்லை. இடர் எப்போதும் இருந்தது ஒரு பள்ளி முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில்.

தமிழ் உண்மையில் இடையூறாக ஆக்கப்பட்ட தருணம் ஒன்று உண்டு. அதுவும் தமிழின் குறையால் அன்று. எஸ்.பி.எம். தேர்வில் எழுதும் பாடங்களைப் பத்தாக வரையறுக்கும் முடிவு 2009 இல் வந்தது. தமிழமைப்புகள் எதிர்த்தபின் கூடுதலாக இரண்டு பாடங்கள் எழுத இசைவு கிடைத்தது. ஆனால் அவ்விரண்டும் உபகாரச் சம்பளக் கணக்கில் சேரா. தமிழிலக்கியத்தைத் தேர்ந்த மாணவன் அதைத் தன் விருப்பத்துக்காக மட்டுமே எழுத வேண்டும் என்றாயிற்று. விண்ணப்பத்துக்கு உதவாத பாடத்தை விடுங்கள் என்று அறிவுரை கூறிய ஆசிரியரைக் குறை சொல்வது கடினம். அவ்வறிவுரையைக் கேளாமல் எழுதிய மாணவரை வியக்காமல் இருப்பதும் கடினம்.

இன்றைய நிலையைச் சுருக்கமாகக் கூறலாம். எஸ்.டி.பி.எம். சான்றிதழைப் பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் ஏ லெவலுக்கு இணையாக ஏற்கின்றன. அரசாங்க மெட்ரிகுலேஷனை எல்லாப் பல்கலைக்கழகங்களும் அவ்வாறு ஏற்பதில்லை. 2018 இல் இந்திய மாணவருக்கு 2,200 மெட்ரிகுலேஷன் இடங்கள் ஒதுக்கப்பட்டது பெரும் உதவிதான். அவ்வழி உள்நாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விரைவாகக் கொண்டு செல்லும். கடல் கடக்க எண்ணும் பிள்ளை எஸ்.பி.எம். முடிவு வந்த சில வாரங்களுக்குள் இவ்வேறுபாட்டை அறிந்தாக வேண்டும். அனைத்துலகப் பள்ளி மாணவனுக்கு இதைச் சொல்லப் பள்ளியிலேயே ஓர் அலுவலர் இருக்கிறார்.

பிரித்தானியாவுக்கு விண்ணப்பிக்கும் பொதுத் தாளில் ஐந்து இடங்களைத் தெரிவு செய்யலாம். மருத்துவத்துக்கும் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களுக்கும் முந்திய ஆண்டின் அக்டோபர் 15 கடைசி நாள், பிறவற்றுக்குச் சனவரி. மாணவன் தன்னைப் பற்றி எழுதும் கட்டுரை 2026 ஆம் ஆண்டுச் சேர்க்கை முதல் மூன்று வினாக்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இப்படிப்பை ஏன் விரும்புகிறாய்? இதுவரை கற்றவை எவ்வாறு உன்னை ஆயத்தப்படுத்தின? பள்ளிக்கு வெளியே என்ன செய்திருக்கிறாய்? மூன்றுக்குமாகச் சேர்த்து 4,000 எழுத்துகள். மூன்றாம் வினாவுக்கு நகரத்துப் பிள்ளை பயிற்சி முகாம்களையும் தன்னார்வப் பணிகளையும் எழுதுகிறது. தாயோடு செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கிய பிள்ளை, தம்பி தங்கைக்கு மாலையில் பாடம் சொல்லித்தந்த பிள்ளை, கோவில் திருவிழாக் கணக்கை எழுதிய பிள்ளை, எழுதுவதற்குத் தன்னிடம் ஒன்றுமில்லை என்று எண்ணிக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடக் கூடும்.

அத்தாளில் மாணவன் நிரப்ப இயலாத கட்டமும் ஒன்று இருக்கிறது. மாணவனை நன்கறிந்த ஆசிரியர் ஆங்கிலத்தில் எழுதித்தர வேண்டிய பரிந்துரை அது. தோட்டப்பள்ளிக் காலத்தில் தோட்டத்திலிருந்து வெளியே செல்லும் ஆங்கிலக் கடிதத்தை எழுதக்கூடியவர் கிராணி ஒருவரே; யாருக்கு எழுதுவது என்பதும் அவர் விருப்பம். இன்று சிரம்பான் வட்டார இடைநிலைப் பள்ளிகளில், தமிழ்ப்பள்ளியில் தொடங்கிப் பல்கலைக்கழகம் சென்று திரும்பிய ஆசிரியர்கள் பலர் பணியாற்றுகின்றனர். அடுத்த சேர்க்கைக்கான விண்ணப்பங்கள் செப்டம்பரில் பெறப்படும். பரிந்துரை எழுதுவதற்கு மாணவன் ஆசிரியரை அணுக வேண்டியது அதற்கும் முன்பே, பள்ளி விடுமுறைக்கு முந்திய வாரங்களில்.